எந்தக் குரூப்பு என்று கேட்பதற்கு முன் எந்தத் தெரு என்று கேட்கிறார்கள்

போன மே மாதம் அக்கா மகளைப் பிளஸ் ஒன் சேர்ப்பதற்காக ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். அந்த ஒரு பள்ளியைத் திட்டிவிட்டு நகர்ந்துவிடக்கூடிய பிரச்சினையல்ல இது. பத்தாம் வகுப்பில் அவள் 500க்கு 391 வாங்கியிருந்தாள். விண்ணப்பத்தில் முதல் விருப்பமாகக் கணினி அறிவியல் என்று எழுதியிருந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மதிப்பெண் பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டுச் சாதிச் சான்றிதழைத்தான் முதலில் எடுத்தார்.

"திருநாவலூர்ல எங்கம்மா? காலனியா?"

"ஆமா சார்."

"கம்ப்யூட்டர் குரூப்பு ஃபுல்லாயிடுச்சும்மா. மேத்ஸ் வேற இருக்கு, கஷ்டப்படுவ. ஹிஸ்டரி குரூப்பு எடுத்துக்க. ஈஸியா பாஸ் பண்ணிட்டு போலீஸ் வேலைக்குப் போலாம்ல?"

நான் குறுக்கே பேசினேன். ஆய்வு மாணவன் என்று சொன்னேன். இடஒதுக்கீட்டுப் பட்டியலைக் காட்டுங்கள் என்றேன். எழுத்தில் பதில் கொடுங்கள் என்றேன். அரை மணி நேரத்தில், நிரம்பிவிட்டதாகச் சொன்ன குரூப்பில் ஓர் இடம் முளைத்தது. எங்களுக்குப் பின்னால் ஒரு அம்மா தன் மகனோடு நின்றிருந்தார். கையில் அதே மஞ்சள் பை, அதே சான்றிதழ்கள். அந்தப் பையனுக்குத் தொழிற்பிரிவு என்றார்கள். அவர் ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

வெளியே வந்ததும் அக்கா மகள் கேட்டாள்: "மாமா, நீங்க வரலன்னா?"

அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

2010இல் இதே மாதிரி ஒரு மேசைக்கு முன்னால் நான் நின்றேன். அப்பா கரும்பு வெட்டுக்குப் போகிறவர். அன்றைக்குக் கூலியை விட்டுவிட்டுத் துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். "ஐயா பார்த்து எது குடுத்தாலும் சரிங்க" என்றார். எனக்குக் கம்ப்யூட்டர் குரூப் கிடைத்ததற்கு என் மதிப்பெண் காரணமில்லை. எங்கள் தெருவைச் சேர்ந்த இயக்கத் தோழர் ஒருவர் வந்து சண்டை போட்டார், கிடைத்தது. என்னைவிட 12 மதிப்பெண் கூடுதலாக வாங்கிய என் நண்பனுக்குச் சண்டை போட ஆளில்லை. அவனுக்கு ஜெனரல் மெஷினிஸ்ட் பிரிவு. இன்று அவன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்க்கிறான், நான் பிஎச்.டி. படிக்கிறேன். எங்கள் இருவருக்கும் திறமையில் வித்தியாசம் இருந்ததாக யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையிலும் இடஒதுக்கீட்டைப் பின்பற்ற வேண்டும் என்று பள்ளிக்கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. கல்லூரிக்கு உள்ள அதே 69 விழுக்காடுதான். அதில் பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1. இப்படி ஒரு விதி இருப்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? தெரிந்தாலும், பள்ளி மொத்தத்துக்கும் 18 விழுக்காட்டைக் காட்டிவிட்டு, அந்தப் பிள்ளைகளையெல்லாம் தொழிற்பிரிவிலும் கலைப்பிரிவிலும் உட்கார வைத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும். காகிதத்தில் சமூகநீதி, வகுப்பறையில் வர்ணம்.

கணினிப் பாடம் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். 2018-19இல் புதிய பாடத்திட்டம் வந்தபோது மேல்நிலையில் கணினி அறிவியல், கணினிப் பயன்பாடுகள், கணினித் தொழில்நுட்பம் என்று மூன்று பாடங்கள் ஆனது. கணிதம், இயற்பியல் படிக்கிற குரூப்புக்குக் கணினி அறிவியல்: சி பிளஸ் பிளஸ், பைத்தான், எஸ்.க்யூ.எல். வணிகவியல் குரூப்புக்குக் கணினிப் பயன்பாடுகள்: எச்.டி.எம்.எல்., பேஜ்மேக்கர், பி.எச்.பி., மின்வணிகம். கலைப்பிரிவுக்கும் தொழிற்பிரிவுக்கும் போன பிள்ளைகளுக்குக் கணினித் தொழில்நுட்பம், அதாவது பெரும்பாலும் பிறர் எழுதிய மென்பொருளைக் கையாளும் பயிற்சி. நிரல் எழுதத் தெரிந்தவர், நிரலைப் பயன்படுத்தத் தெரிந்தவர், சொன்னதைத் தட்டச்சு செய்யத் தெரிந்தவர் என்று மூன்று படிகள். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து ஒருவருக்குக் கீழ் ஒருவராக அடுக்குவது என்று அம்பேத்கர் 1936இல் விளக்கினார். பாடத்திட்டம் எழுதிய வல்லுநர்கள் சாதியை மனத்தில் வைத்து எழுதினார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. ஆனால் சேர்க்கை மேசையில் சாதி உட்கார்ந்திருக்கும்போது, பாடத்திட்டத்தில் போட்டு வைத்த ஒவ்வொரு படியிலும் அது ஏறி நின்றுகொள்ளும்.

இந்தப் பிரிவினை 15 வயதில் திடீரென்று வந்து விழுவதுமல்ல. அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை கணினிக்குத் தனிப்பாடம் கிடையாது. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசி அலகாக ஸ்கிராட்ச் பற்றிக் கொஞ்சம் வரும். கடைசி அலகுக்கு எந்த ஆசிரியர் எவ்வளவு நேரம் ஒதுக்குவார் என்பது அரசுப் பள்ளியில் படித்த எல்லாருக்கும் தெரியும். பணம் கட்டிப் படிக்கும் பிள்ளை தொடக்க வகுப்பிலேயே மவுஸைப் பிடிக்கிறது. இந்த இரண்டு பிள்ளைகளையும் ஒரே மதிப்பெண் வரிசையில் நிறுத்திவிட்டு, 'உனக்கு ஆர்வம் இல்லை' என்று ஒரு பிள்ளையிடம் சொல்கிறார்கள். பார்க்காத பொருள்மீது ஆர்வம் எங்கிருந்து வரும்?

குரூப் கிடைத்துவிட்டால் முடிந்துவிடுகிறதா? நான் படித்த பள்ளியில் கணினி ஆய்வகம் இருந்தது. செருப்பை வெளியே கழற்ற வேண்டும். சாவி ஒருவரிடம்தான் இருக்கும். தூசு படும், கெட்டுப்போகும், ஆடிட் வரும் என்று ஆண்டின் பாதி நாள் பூட்டியே கிடக்கும். திறக்கிற நாளில் ஒரு கணினிக்கு ஆறு பேர். நாற்காலியில் யார் உட்காருவது, பின்னால் யார் நிற்பது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் ஊர்க் கோயிலில் யார் எதுவரை வரலாம் என்பதும் அப்படிச் சொல்லாமல் தெரிந்த விஷயம்தான். பிளஸ் ஒன் முழுவதும் நிரல்களை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தேன். நீச்சல் பற்றிய புத்தகத்தை ஒப்பித்து மதிப்பெண் வாங்குவது போலத்தான்.

அந்த நிலையை மாற்றியது ஒரே ஒரு பொருள். 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். நான் பிளஸ் டூ படித்தது 2011-12இல். எங்கள் தெருவுக்குள் வந்த முதல் கணினி அதுதான். இலவசம் கொடுத்து மக்களைச் சோம்பேறி ஆக்குகிறார்கள், பிள்ளைகள் படம் பார்க்கிறார்கள், விற்றுவிடுகிறார்கள் என்று அப்போதும் பேசினார்கள், இப்போதும் பேசுகிறார்கள். ஆமாம், படம் பார்த்தோம். தெருவே உட்கார்ந்து பார்த்தது. அதே மடிக்கணினியில்தான் நான் எழுதிய நிரல் முதன்முறையாக ஓடியது. பிழை வந்தது, திருத்தினேன், மறுபடி பிழை வந்தது. பின்னால் நின்று எட்டிப் பார்க்காமல், சாவிக்காகக் காத்திருக்காமல், தப்பு செய்வதற்கு எனக்கென்று நேரம் கிடைத்தது. கற்பது என்றால் அதுதான். முதியோர் உதவித்தொகை மனு, பட்டா மனு, சாதிச் சான்றிதழுக்கான விண்ணப்பம் என்று தெருவில் பாதிப் பேருக்கு அதில் தட்டச்சு செய்து கொடுத்தேன். அதுவரை ஒரு மனு எழுத ஊர்த் திண்ணையில் போய்க் காத்திருந்தவர்கள் அவர்கள்.

இன்று அந்த மடிக்கணினி பள்ளிப் பிள்ளைகளுக்கு இல்லை. கொரோனாவோடு நின்றுபோனது. 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் கணினி தரப்படும் என்று அறிவித்தார்கள். நல்லதுதான், வரவேற்கிறேன். ஆனால் அதைக் கல்லூரி வாசலில் வைத்ததற்கு என்ன பொருள்? 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. நாட்டின் சராசரியைவிட மிக உயர்வு, நாம் பெருமைப்படும் எண். அந்த எண்ணுக்குள்ளேயே இன்னொரு செய்தியும் இருக்கிறது: இந்த மாநிலத்திலும் பாதிக்கு மேற்பட்ட இளைஞர்கள் கல்லூரிக்கு வெளியே நிற்கிறார்கள். யார் அவர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மேல்நிலையில் கொடுத்தபோது கடைசியாக வடிகட்டப்படும் பிள்ளையின் கைக்கும் அது போனது. இப்போது வடிகட்டி முடித்த பிறகு கொடுக்கிறோம்.

எங்கள் மாவட்டத்தின் கிழக்கில் திருநாவலூர் என்றால் மேற்கில் கல்வராயன் மலை. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. நாடு விடுதலை அடைந்து 29 ஆண்டுகள் கழித்துத்தான் அங்கே ஜாகீர் முடிந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்டோர் பலியான பிறகுதான், மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதுவரை அரசுக்கும் ஊடகத்துக்கும் அந்த மலை என்றால் ஊறல் அழிப்புதான் நினைவுக்கு வரும். அங்கே படிக்கும் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்களா? 2020இல் வகுப்புகள் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் மாறியபோது, அந்தப் பிள்ளைகள் சிக்னல் தேடி மேட்டில் ஏறி நின்றார்கள். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு 2017-18இல் எடுத்த கணக்கின்படி இந்தியக் கிராமப்புறக் குடும்பங்களில் கணினி வைத்திருந்தவை 4.4 விழுக்காடுதான், நகரத்தில் 23.4. அந்த 4.4க்குள் எத்தனை காலனி வீடுகள், எத்தனை மலை வீடுகள் இருந்திருக்கும்?

இந்த இடத்தில் நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். 2023-24 நிதிநிலை அறிக்கையில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளையும் பழங்குடியினர் நலப் பள்ளிகளையும் பள்ளிக்கல்வித் துறையின் கீழ் கொண்டுவருவோம் என்று அறிவித்தபோது நாம் எல்லாரும் எழுதினோம், பேசினோம். இணைக்கலாமா கூடாதா, சொத்து யாருக்கு, அடையாளம் என்னவாகும் என்று விவாதித்தோம். தேவையான விவாதம். ஆனால் அந்த மேல்நிலைப் பள்ளிகளில் கணினி அறிவியல் குரூப் எத்தனையில் இருக்கிறது, பாடம் நடத்த நிரந்தர ஆசிரியர் எத்தனையில் இருக்கிறார், ஆய்வகம் எத்தனையில் திறந்திருக்கிறது என்று எத்தனை பேர் கேட்டோம்? நானும் கேட்கவில்லை. நம் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பதைவிட அவர்கள் எந்தப் பெயர்ப்பலகையின் கீழ் படிக்கிறார்கள் என்பதில் நேரத்தைச் செலவிட்டோம்.

வெளியே என்ன நடந்தது என்பதிலும் நமக்குப் பாடம் இருக்கிறது. அமெரிக்காவில் ஜேன் மார்கோலிஸும் அவருடைய குழுவினரும் லாஸ் ஏஞ்சல்ஸ் அரசுப் பள்ளிகளை ஆராய்ந்து 2008இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். கறுப்பின, லத்தீன் மாணவர்கள் அதிகம் படித்த பள்ளிகளிலும் கணினிகள் இருந்தன. ஆனால் கற்பித்தது பெரும்பாலும் தட்டச்சும் அடிப்படைப் பயன்பாடும்தான். பெட்டி வந்துவிட்டது, அறிவு வரவில்லை. இங்கிலாந்தில் தேசியப் பள்ளிப் பாடத்திட்டத்தில் ஐ.சி.டி. என்று ஒரு பாடம் இருந்தது. அலுவலக மென்பொருளைப் பழக்குவதோடு அது நின்றுவிடுகிறது என்ற விமர்சனம் எழுந்து, 2012இல் தொடங்கிய மாற்றத்தில் அதைக் கைவிட்டுக் கணினி அறிவியலைக் கொண்டுவந்தார்கள். சரியான முடிவுதான். ஆனால் 2017இல் ராயல் சொசைட்டி திரும்பிப் பார்த்தபோது, பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வில் புதிய பாடத்தை எடுத்தவர்களில் ஐந்தில் ஒருவர்தான் பெண். பாடத்தை உயர்த்தினால் போதாது. அந்த நாற்காலியில் யார் உட்காருகிறார்கள் என்று கூடவே கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுக்காத இடத்தில் பழைய அதிகாரம் புதிய பெயரில் உட்கார்ந்துகொள்ளும்.

மூன்று மறுப்புகள் வரும், தெரியும். முதலாவது, "மார்க் பார்த்துத்தானே குரூப் கொடுக்கிறார்கள்?" என் நண்பனின் 12 மதிப்பெண்ணுக்குப் பதில் சொல்லிவிட்டு இதைக் கேளுங்கள். தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைத்த சாதி வசதி எப்படித் 'தகுதி' என்று பெயர் மாற்றிக்கொள்கிறது என்பதைச் சென்னை ஐ.ஐ.டி.யை வைத்து அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் ஒரு நூலாகவே எழுதியிருக்கிறார். இரண்டாவது, "இன்ஜினியரிங்கில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர பிளஸ் டூவில் அந்தப் பாடம் படித்திருக்க வேண்டியதில்லையே?" சட்டப்படி வேண்டியதில்லை. ஆனால் முதல் பருவ நிரலாக்க ஆய்வகத்துக்குள் போய்ப் பாருங்கள். வீட்டில் கணினியோடு வளர்ந்த பையன் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு எழுந்து போவான். முதல் தலைமுறைப் பிள்ளை திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். அந்த மௌனத்தைத்தான் பிறகு 'கோட்டாவில் வந்தவன்' என்று பெயர் வைத்துக் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் கடல் தாண்டியும் வரும். கலிபோர்னியாவில் தலித் பொறியாளர் ஒருவர் சாதியப் பாகுபாட்டுக்கு உள்ளானதாக சிஸ்கோ நிறுவனத்தின்மீது அந்த மாநில அரசுத் துறையே 2020இல் வழக்குத் தொடுத்தது நினைவிருக்கலாம்.

மூன்றாவது மறுப்பு இப்போது புதிதாக வந்திருப்பது: "இனி ஏ.ஐ.யே நிரல் எழுதிவிடும், எதற்குப் படிக்க வேண்டும்?" இதற்கு எங்கள் ஊர்க் கதை ஒன்றைத்தான் பதிலாகச் சொல்வேன்.

திருநாவலூர் சுந்தரர் பிறந்த ஊர். பெரியபுராணக் கதையின்படி, சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு ஒரு முதியவர் வந்து, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலையின்படி நீ எனக்கு அடிமை என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. கிழித்தது படிதான், மூலம் என்னிடம் இருக்கிறது என்கிறார் முதியவர். சபையார் வாசித்து, கையெழுத்தை ஒப்பிட்டு, ஓலை செல்லும் என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். பக்தர்களுக்கு அது இறைவன் ஆட்கொண்ட கதை. சின்ன வயதிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்த எனக்கு அது ஆவணத்தின் கதை. எழுதியது பாட்டன், கட்டுப்பட்டது பேரன், வாசித்தது சபை. சுந்தரருக்காவது ஓலையை வாசிக்கத் தெரியும், எதிர்த்து வாதாட ஒரு சபை இருந்தது. வாசிக்கவே அனுமதிக்கப்படாத சேரிக்கும் ஓர் ஓலை இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எங்கள் பாட்டன்களுக்கு யாரும் காட்டவில்லை.

இன்றைய ஓலைகள் எங்கே இருக்கின்றன? ரேஷன் கடையில் கைரேகை பதியாமல் திரும்பி வரும் கிழவியிடம் "சிஸ்டம்ல வரல" என்கிறார்கள். உதவித்தொகை ஏன் நின்றது என்றால் "சர்வர்ல அப்படித்தான் காட்டுது" என்கிறார்கள். யாரோ ஒருவர் எழுதிய நிபந்தனை அது. அதை எழுதியவர் நம் தெருவைப் பார்த்தவரில்லை, அதை வாசிக்கத் தெரிந்தவர் நம் தெருவில் இல்லை. நாளை அதை ஏ.ஐ. எழுதும் என்றால், வாசித்துக் கேள்வி கேட்கத் தெரிந்தவர்களின் தேவை கூடுமா, குறையுமா? படியைக் கிழித்தால் போதாது, மூலம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

ராஜாஜி 1953இல் அரை நாள் பள்ளிக்கூடம், அரை நாள் அப்பன் தொழில் என்று கொண்டுவந்த குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்து எழுந்த போராட்டத்தில் அடுத்த ஆண்டே அது போனது. அந்தத் திட்டத்துக்கு ஓர் அரசாணை இருந்தது, எதிர்க்க முடிந்தது. இன்று சேர்க்கை மேசையில் நடப்பதற்கு அரசாணை கிடையாது. 'உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்' என்ற அன்பான குரலில் அது நடக்கிறது. அதனால்தான் இது இன்னும் ஆபத்தானது.

என்ன கேட்பது? பதினொன்றாம் வகுப்பில் சேரும் ஒவ்வொரு அரசுப் பள்ளி, நலப்பள்ளி, உண்டு உறைவிடப் பள்ளி மாணவர் கையிலும் மறுபடி மடிக்கணினி வேண்டும். அந்தப் பள்ளிகள் அனைத்திலும் கணினி அறிவியல் குரூப்பும் நிரந்தர ஆசிரியரும் வேண்டும். எந்தக் குரூப் எடுத்தாலும் நிரல் எழுதும் பாடம் ஒன்று எல்லாருக்கும் பொதுவாக வேண்டும். இடஒதுக்கீடு குரூப் வாரியாகப் பின்பற்றப்பட்டு, அந்தப் பட்டியல் பள்ளி வாசலில் ஒட்டப்பட வேண்டும்.

கடைசிக் கோரிக்கைக்கு அரசு புதிதாக எதையும் கணக்கெடுக்க வேண்டியதில்லை. எமிஸ் தளத்தில் ஒவ்வொரு மாணவரின் சமூகப் பிரிவும் இருக்கிறது, படிக்கும் குரூப்பும் இருக்கிறது. பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்தின் எஸ்.க்யூ.எல். பாடத்தில் 'குரூப் பை' என்று ஒரு கட்டளை வரும். ஒரு பட்டியலில் இருப்பவர்களை வகை வாரியாகப் பிரித்து எண்ணிச் சொல்லும் கட்டளை. 17 வயதுப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும் அந்த ஒரு வரியை எழுதினால், தமிழ்நாட்டின் எந்தப் பள்ளியில் எந்தச் சாதிப் பிள்ளை எந்தக் குரூப்பில் உட்கார வைக்கப்பட்டிருக்கிறது என்று சில நொடிகளில் தெரிந்துவிடும். அரசு எழுதாவிட்டால் நாம் கேட்டு வாங்குவோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பிக்கப் பத்து ரூபாய்தான். தோழர்கள் ஒவ்வொருவரும் தாம் படித்த மேல்நிலைப் பள்ளிக்கு ஒரு மனு போடுங்கள்: கடந்த ஐந்து ஆண்டுகளில் குரூப் வாரியாக, சமூகப் பிரிவு வாரியாகச் சேர்க்கை எவ்வளவு? மே மாதம் சேர்க்கை நடக்கும்போது, நாலு பேராகப் போய் அந்த மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.

அக்கா மகள் பைத்தானுக்கு இன்னும் வரவில்லை, சி பிளஸ் பிளஸ்தான் போய்க்கொண்டிருக்கிறது. என் பழைய மடிக்கணினியில் பேட்டரி செத்துவிட்டது, கரண்ட் இருக்கும்போது மட்டும் ஓடும். அதில்தான் எழுதிப் பழகுகிறாள். போன வாரம் போனில் பேசும்போது ஒன்று சொன்னாள். அன்றைக்கு எங்களுக்குப் பின்னால் நின்ற அந்த அம்மாவின் மகனைப் பள்ளியில் பார்த்தாளாம். அவனும் கம்ப்யூட்டர் குரூப்தான் கேட்க நினைத்திருந்தானாம். கேட்கலாம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

நான் வராவிட்டால் என்னவாகியிருக்கும் என்று அவள் கேட்ட கேள்விக்கு அவன்தான் பதில்.